அக்காவுக்கு முத்து போட்ட இருபத்திரண்டு நாள்

முப்பத்தஞ்சு வருஷமா சிகரெட் ஊதுறவன் நான். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட், மனசு சரியில்லைன்னா அதுக்கு மேலயும் போகும். என் அக்கா ஒரு நாள்கூட ஊதினதில்லை. நான் பத்த வச்சாலே துண்டால மூக்கைப் பொத்திக்கிட்டு எழுந்து போயிடும். கடைசியில நுரையீரல்ல புற்றுன்னு வந்தப்போ, அது வந்தது அக்காவுக்கு. இதை யார்கிட்ட சொன்னாலும் முதல்ல என் மூஞ்சியைத்தான் பாக்குறாங்க. பாக்கட்டும், பாக்க வேண்டிய மூஞ்சிதான்.

நாங்க மெர்போக் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்துல பொறந்தவங்க. தோட்டத்தைத் துண்டு போட்டு வித்து ரொம்ப வருஷம் ஆச்சு. தொழிலாளிங்க இருந்த லயம் இல்லை, சாவடி இல்லை, மாரியம்மன் கோயில் மட்டும் எண்ணெய்ச் செம்பனைக்கு நடுவுல நிக்குது. நான் செம்பனைக் குலை ஏத்துற லோரி ஓட்டுறேன். அக்கா சுங்கைப் பட்டாணியில ஒரு கையுறை ஃபேக்டரியில இருபத்தாறு வருஷம் வேலை பாத்துச்சு. கையுறையில தண்ணியை ஊத்தி எங்கயாவது ஓட்டை இருக்கான்னு பாக்கணும், அதான் வேலை. கல்யாணமான நாலாவது வருஷமே மாமா மோட்டார் ஆக்சிடென்ட்ல போயிட்டாரு. புள்ளை இல்லை. அன்னையிலேர்ந்து அக்கா என் வீட்டுல. என் வீட்டுக்காரிக்கும் அக்காவுக்கும் பெரிய ஒட்டுறவுன்னு சொல்ல முடியாது, சண்டையும் இல்லை. ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரே ஒரு விஷயத்துல மட்டும் கட்சி கட்டுவாங்க. என் சிகரெட்.

"விட்டுத் தொலைடா தம்பி"ன்னு அக்கா சொல்லாத நாள் கிடையாது. தீபாவளிக்கு விடுறேன், தைப்பூசத்துக்கு விடுறேன்னு நானும் சொல்லிக்கிட்டே இருப்பேன். ஒரு தடவை மூணு நாள் விட்டேன். நாலாம் நாள் லோரி எண்ணெய் மில்லு வாசல்ல அஞ்சு மணி நேரம் மாட்டிக்கிச்சு, போச்சு.

அக்காவுக்கு முதல்ல இருமல்தான் வந்துச்சு. கிளினிக்ல மருந்துத் தண்ணி குடுத்தாங்க. நிக்கலை. எலும்புருக்கியா இருக்குமோன்னு சளியை டெஸ்ட்டுக்கு எடுத்தாங்க, இல்லைன்னு வந்துச்சு. அப்புறம் பெரிய ஆஸ்பத்திரி, ஸ்கேன், முதுகு வழியா ஊசி விட்டுச் சதை எடுத்தது, எல்லாம் முடிஞ்சு ஒரு சின்ன ரூம்ல எங்களை உக்கார வச்சாங்க. டாக்டர் ஒரு மலாய்க்காரப் பொண்ணு. என் மகள் வயசுதான் இருக்கும். ஒளிவு மறைவு இல்லாம சொன்னாங்க. புற்றுதான், ரெண்டு பக்கமும் பரவியிருக்கு, அறுத்து எடுக்க முடியாது.

நான் கேட்ட முதல் கேள்வி, என் புகையாலயா டாக்டர்னுதான். அப்படித் திட்டமாச் சொல்ல முடியாதுன்னாங்க. ஊதவே ஊதாத பொம்பளைங்களுக்கு இது வர்றது நம்ம பக்கம் அபூர்வம் இல்லையாம். அப்படிப்பட்டவங்கள்ல பாதிப் பேருக்கு மேல கட்டியில ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருக்குமாம், அக்காவுக்கும் இருக்கான்னு அடுத்துப் பாக்கணும்னாங்க. மரபணுன்னு தமிழ்ப் பேப்பர்ல போடுவாங்களே, அதுல ஒரு இடத்துல எழுத்து மாறிப் போயிருக்குமாம். அந்த மாற்றம் இருந்தா ஒரு மாத்திரை இருக்கு, தினம் ஒண்ணு போட்டாப் போதும், நல்லா கேக்கும். மாற்றம் இல்லைன்னா ஊசி மருந்து, அது கஷ்டம், பலனும் கம்மி. எடுத்த சதையை டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கு, மூணு வாரம் காத்திருங்கன்னாங்க.

இது குடும்பத்துல ஓடுற சங்கதியான்னு கேட்டேன். இல்லை, கட்டிக்குள்ள மட்டும் நடந்த மாற்றம், உங்களுக்கு அது இருக்காதுன்னாங்க. ஆனாலும் இத்தனை வருஷம் ஊதுறீங்களே, நீங்களும் ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கோங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. எடுத்தேன். ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சு. சுத்தமா இருக்காம். எக்ஸ்ரே எடுத்த ஆளு படத்தை வெளிச்சத்துல தூக்கிக் காட்டிச் சிரிச்சப்போ எனக்கு அவனை அடிக்கணும் போல இருந்துச்சு. அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டு வராம லோரி சீட்டுக்கு அடியில போட்டேன்.

அந்த மூணு வாரம் மாதிரி ஒண்ணை நான் பாத்ததில்லை. எந்த வீட்டுலயாவது அக்கா உடம்புல கோளாறு இருக்கணும்னு சாமி கும்பிடுவாங்களா? நான் கும்பிட்டேன். பழைய தோட்டத்துக் கோயிலுக்குப் போய் ஆத்தா முன்னாடி நின்னு, மாற்றம் இருக்கணும் தாயே, இருந்தா இந்த ஆடிக்குப் பால்குடம் எடுக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன். மஞ்சத் துணியில காசு முடிஞ்சு வீட்டுச் சாமி மேடையில வச்சேன். அக்கா அதைப் பாத்துட்டு, எதுக்குடா இதெல்லாம்னு கேட்டுச்சு. ஆனா முடிச்சை அவிழ்க்கச் சொல்லலை.

மாற்றம் இருந்துச்சு. டாக்டர் அன்னைக்குத்தான் முதல் தடவை எங்களைப் பாத்துச் சிரிச்சாங்க. நல்ல வகை மாற்றம், மாத்திரையை இன்னைக்கே ஆரம்பிக்கலாம்னாங்க. நான் அந்த ரூம்லயே கையெடுத்துக் கும்பிட்டுட்டேன். அப்புறம் மருந்து வாங்குற கவுண்டர்ல நம்பர் எடுத்து உக்காந்தோம். கூட்டம். என் கை சும்மா இருக்குமா? நல்ல சேதி கேட்டாலும் அதுக்கு ஒண்ணு, கெட்ட சேதி கேட்டாலும் அதுக்கு ஒண்ணு. நீ இரு அக்கா, இதோ வந்துடறேன்னு சொல்லிட்டு வேலிக்கு வெளியே ரோட்டோரம் போய் ரெண்டு ஊதினேன். திரும்பி வர்றதுக்குள்ள அக்கா நம்பரைக் கூப்பிட்டு, மருந்து குடுக்கிற பொண்ணு விளக்கமெல்லாம் சொல்லி முடிச்சிருந்துச்சு. என்ன சொன்னாங்கன்னு கேட்டேன். சாப்பிடறதுக்கு முன்னாடி, வெறும் வயித்துல, ஒரே நேரத்துக்குப் போடணுமாம், வேற ஒண்ணுமில்லைன்னு அக்கா சொல்லுச்சு. பைக்குள்ள ஒரு காகிதம் இருந்துச்சு, மலாய்ல. நான் அதைப் பிரிச்சுப் பாக்கலை.

மாத்திரை கேட்டுச்சு. சத்தியமாச் சொல்றேன், அஞ்சாம் நாளே இருமல் பாதியாச்சு. எட்டாம் நாள் அக்கா ராத்திரிச் சந்தைக்கு, பாசார் மாலாமுக்கு, வர்றேன்னு கிளம்பி, பாதி தூரம் நடந்து, ஒரு பாக்கெட் கச்சான் கடலை வாங்கித் தின்னுக்கிட்டே திரும்பி வந்துச்சு. என் வீட்டுக்காரி ஃபோன்ல ஊரெல்லாம் சொன்னா. எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு.

பதினோராம் நாள் காலையில அக்கா முகத்துல சின்னச் சின்னதா சிவப்பாத் தடிச்சிருந்துச்சு. மத்தியானத்துக்குள்ள மூக்கு, கன்னம், நெத்தி. மறுநாள் கழுத்து, நெஞ்சு, முதுகு. நுனியில வெள்ளையா முத்து கட்டி நிக்குது. அன்னைக்கு வேலை முடிஞ்சு வந்துதான் நான் பாத்தேன். பாத்த உடனே செருப்பை வாசல்லயே விட்டுட்டு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிட்டேன். ஆத்தா வந்துட்டா. வேண்டிக்கிட்டது நானு, கேட்டதைக் குடுத்தது அவ, இன்னும் ஒரு குடம் பால் எடுத்து வைக்கலை. கேக்க வந்துட்டா.

தோட்டத்துல வளர்ந்த எவனுக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டுல அம்மை போட்டா மருந்துன்னு ஒண்ணைத் தொடக்கூடாது. மருந்து குடுத்தா அவளை விரட்டுற மாதிரி, கோபம் உள்ளுக்குள்ள இறங்கிடும். எங்க லயத்துல ரெண்டு வீடு தள்ளி ஒரு பையனுக்கு அம்மை போட்டப்போ அப்பன்காரன் டாக்டர்கிட்டத் தூக்கிட்டுப் போய் ஊசி போட்டு, அதுல அந்தப் பையன் போயிட்டான்னு எல்லாரும் சொல்லுவாங்க. ஊசியாலயா, வேற எதாலயா, எவன் பாத்தான்? நாங்க நம்பினோம். வேப்பிலை கொத்தை வாசல்ல சொருகினேன். அக்காவைப் புதுப் பாயில படுக்க வச்சு, பக்கத்துல வேப்பிலையும் மஞ்சளும் வச்சோம். தாளிப்பு கிடையாது, கவிச்சி கிடையாது, வெளி ஆள் உள்ள வரக்கூடாது, வேலைக்குப் போற என்னைத் தவிர உள்ள இருக்கிறவங்க வெளிய போகக்கூடாது. மாத்திரைப் பெட்டியை எடுத்து லோரி டேஷ்போர்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டேன்.

என் வீட்டுக்காரிதான் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தா. ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸிகிட்ட ஒரு ஃபோன் போட்டுக் கேக்கலாம்லா, மாத்திரையை நிறுத்தலாமான்னு. நான் எரிஞ்சு விழுந்தேன். மிஸ்ஸிக்கு ஆத்தாவைப் பத்தி என்னடி தெரியும்னு கத்தினேன். அவ அடுப்படிக்குப் போயிட்டா. அக்கா பாயில படுத்தபடி என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. எதோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சு. சொல்லலை. நானும் கேக்கலை. கேக்கிற ஜாதியா நான்?

ஆத்தா இருக்கிற வீட்டுல எவன் ஊதுவான்? நானும் ஊதலை. லோரியிலயும் ஊதலை, மில்லு வாசல்லயும் ஊதலை, ஏன்னா அந்த வாயோடதானே வீட்டுக்குள்ள வரணும். முதல் நாலு நாள் பைத்தியம் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. காரணமில்லாம ஆள்மேல பாயறேன். கிராம்பை மென்னு மென்னு நாக்கு மரத்துப் போச்சு. அக்கா அதைப் பாத்துச் சிரிக்கும். கிராம்பு எதுக்குடா, இங்க இவ்வளவு வேப்பிலை கிடக்குது, மெல்லுன்னு கேலி பண்ணும். காலையில நான் வேலைக்குக் கிளம்பி வந்து பாய் ஓரம் நிக்கிறப்போ, இன்னையோட எத்தனை நாளு தம்பின்னு கேக்கும். ஆறுன்னு சொல்வேன். மறுநாள் ஏழுன்னு சொல்வேன். அம்மை நாளைத்தான் கேக்குதுன்னு நெனச்சு நானும் பக்தியாச் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

பத்து நாளைக்கு மேல முத்து இறங்க ஆரம்பிச்சுச்சு. எங்க சந்தோஷத்தைக் கேக்கணுமே. முதல் தண்ணி ஊத்தினோம். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயில்ல காய வச்ச தண்ணியை என் வீட்டுக்காரி ஊத்தினா. ரெண்டாம் தண்ணியும் ஆச்சு. மூணாம் தண்ணி ஊத்திட்டா ஆத்தா மலையேறிடுவா, வீடு பழையபடி ஆயிடும். பதினஞ்சாம் நாளே ஊத்திடலாம்னு நான் சொன்னேன். அக்கா வேணாம்னுச்சு. முதுகுல இன்னும் ரெண்டு முத்து இருக்கு, அவசரப்படாதே, இன்னும் ஒரு வாரம் போகட்டும்னுச்சு. அதோட பக்தியைப் பாத்து எனக்கே வெக்கமாப் போச்சு.

அந்த வாரம்தான் இருமல் திரும்பி வந்துச்சு. இளநீரும் கூழுமாக் குடுத்ததுல சீதளம் பிடிச்சிருக்கும்னு நெனச்சேன். நடுவுல ஆஸ்பத்திரிக்குப் போற தேதி ஒண்ணு இருந்துச்சு. மிஸ்ஸி ஃபோன் பண்ணி ஏன் வரலைன்னு கேட்டாங்க. மலாய்க்காரப் பொண்ணுகிட்ட ஆத்தா கதையை என்னன்னு சொல்றது? செர்டாங்ல ஒரு சொந்தக்காரங்க கல்யாணம், அக்கா அங்க போயிருக்கு, நல்லா இருக்குன்னு புளுகினேன். மருந்து ஒழுங்காச் சாப்பிடுறாங்களான்னு கேட்டாங்க. சாப்பிடுதுன்னு சொன்னேன்.

இருபத்தொண்ணாம் நாள் மூணாம் தண்ணி ஊத்தி, வேப்பிலையை எடுத்து ஆத்துல விட்டுட்டு வந்தோம். மறுநாள் காலையில அக்காவால பாயை விட்டு எழுந்திரிக்க முடியலை. ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள மூச்சு வாங்குது. உதடு நீலமா இருந்துச்சு. காருல தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடினேன்.

அக்காவை உள்ள கொண்டு போயிட்டாங்க. நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன். பக்கத்துல ஒரு மலாய்க்காரப் பெரியவர், கோத்தா கோலா மூடாவுல மீன் பிடிக்கிறவராம். தற்செயலா அவர் முகத்தைப் பாத்தேன். மூக்கு, கன்னம், நெத்தி, கழுத்து. நுனியில வெள்ளை முத்து. அப்படியே அக்கா முகம். எனக்கு ஒரு நிமிஷம் உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. ஆத்தா ஒரு மலாய்க்கார மீனவன்கிட்டயும் போவாளான்னு யோசிச்சேன், சத்தியமா அப்படித்தான் யோசிச்சேன். பக்சிக்னு மரியாதையாக் கூப்பிட்டு, என் அக்கா உள்ள இருக்கு, உங்க முகத்துல என்னன்னு கேட்டேன். அவர் கன்னத்தைத் தடவிக்கிட்டுச் சிரிச்சாரு. இதா, மருந்து செய்யிற வேலை, புற்றுக்குத் தினம் ஒரு மாத்திரை போடுறேன், அதைப் போட்டா இப்படி வரும்னு முன்னாடியே சொல்லித்தான் குடுத்தாங்கன்னாரு. அப்புறம் அவரே சொன்னாரு, இது வந்தா மருந்து உடம்புல பிடிச்சிருக்குன்னு அர்த்தமாம், டாக்டருக்கு இதைப் பாத்தா சந்தோஷம்னு.

நான் எழுந்திரிக்கலை. அவர் பாட்டுக்கு நண்டு விலையைப் பத்தி என்னமோ சொல்லிக்கிட்டு இருந்தாரு. என் மண்டைக்குள்ள ஒண்ணே ஒண்ணுதான் ஓடுச்சு. முத்து இறங்குது இறங்குதுன்னு நாங்க கும்பிட்டோமே, அது மருந்து அக்கா உடம்பை விட்டு இறங்கிப் போனது.

டாக்டர்கிட்ட எல்லாத்தையும் ஒப்புக்கிட்டேன். செர்டாங் கல்யாணத்தையும் சேர்த்துத்தான். அவங்க கத்தலை, கத்தியிருந்தா தேவலை. பேனாவை மேசைமேல வச்சுட்டு, எத்தனை நாள்னு கேட்டாங்க. இருபத்திரண்டுன்னு சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. நெஞ்சுல தண்ணி கோத்திருக்கு, குழாய் வச்சு எடுக்கணும், மாத்திரையை இன்னைக்கே மறுபடியும் ஆரம்பிக்கணும்னாங்க. ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமேன்னு மட்டும் சொன்னாங்க. வெளிய வந்து, ரோட்டைத் தாண்டி, கடையில ஒரு பாக்கெட் வாங்கி, பிரிச்சு, நின்ன இடத்துலயே மூணு ஊதினேன். ஆத்தாதான் வரவே இல்லையே, இனிமே யாருக்குப் பயந்துக்கிட்டுன்னு ஒரு வெறி.

மூணாம் நாள் அக்காவை வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போகச் சொன்னாங்க. அக்கா காருல ஏறி உக்காந்து, ஒரு தடவை என்னைத் திரும்பிப் பாத்துட்டு, கண்ணாடியை முழுசா இறக்கி விட்டுச்சு. மழை வர்ற மாதிரி இருந்துச்சு. மூச்சு முட்டுதாக்கும்னு நானும் ஒண்ணும் சொல்லலை. மெர்போக் வர்ற வரைக்கும் முகத்தை வெளியவே வச்சுக்கிட்டு வந்துச்சு.

அதுக்கப்புறம் நான் தினம் காலையில அக்கா முகத்துலதான் முழிச்சேன். ஒரு முத்து தெரியுதான்னு தேடுவேன். அம்மைன்னு எதைப் பாத்து நடுங்கினேனோ அதையே வா தாயே வா தாயேன்னு கூப்பிட்டேன். வந்துச்சு, ஆனா முதல் தடவை மாதிரி இல்லை. மூக்கு ஓரத்துல நாலு, நெஞ்சுல கொஞ்சம். இருமல் குறைஞ்ச மாதிரி இருந்து, மறுபடியும் கூடுச்சு. ஆடியில பால்குடம் எடுத்தேன். அக்கா காருக்குள்ள உக்காந்து பாத்துச்சு. நாலு மாசம் போய் ஸ்கேன் எடுத்தாங்க. ஈரல்ல இருந்துச்சு, எலும்புலயும் இருந்துச்சு. ரத்தம் எடுத்துப் பாத்ததுல கட்டியில வேற ஒரு மாற்றம் புதுசா வந்திருக்குன்னாங்க, அதுக்கு இந்த மாத்திரை கேக்காதாம்.

அன்னைக்கு அக்காவை வெளிய உக்கார வச்சுட்டு நான் மட்டும் உள்ள போய் டாக்டர்கிட்ட நேராக் கேட்டேன். அந்த இருபத்திரண்டு நாளாலதானே இது? நான் கெடுத்ததுதானே? சொல்ல முடியாதுன்னாங்க. ஒரே மாற்றம், ஒரே மாத்திரை, ஒருத்தருக்கு வருஷக்கணக்காக் கேக்குது, ஒருத்தருக்கு சில மாசத்துலயே கேக்காமப் போயிடுது, ஒரு நாள் விடாம சாப்பிட்டவங்களுக்கும் அப்படி ஆகுது. உங்க அக்காவுக்கு எப்படி ஆகியிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னாங்க. ஆறுதலுக்குத்தான் சொன்னாங்க போல. எனக்கு ஆமான்னோ இல்லைன்னோ சொல்லியிருந்தாத் தேவலை. ஆமான்னா விழுந்து கும்பிட்டு அழுதிருப்பேன், இல்லைன்னா நிம்மதியாத் தூங்கியிருப்பேன். சொல்ல முடியாதுன்னு ஒண்ணைக் குடுத்தா அதை வச்சுக்கிட்டு மனுஷன் என்ன செய்யிறது?

அந்த மீன் பிடிக்கிற பெரியவர் இன்னும் இருக்காரு. போன மாசம் கோத்தா கோலா மூடாவுல மீன் வாங்கப் போனப்போ பாத்தேன். வலையைக் காய வச்சுக்கிட்டு இருந்தாரு. முகத்துல தழும்பு தழும்பா இருந்துச்சு. உன் அக்கா எப்படின்னு கேட்டாரு. போயிடுச்சுன்னு சொன்னேன். நல்ல மனுஷன், ரெண்டு கையாலயும் என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. நான் இழுத்துக்கிட்டு வந்துட்டேன். அவர் உயிரோட இருக்கிறதை என்னால தாங்க முடியலை. அதுவும் பாவம்தான், தெரியும்.

அக்கா போறதுக்கு ஒரு மாசம் முன்னாடி ஒரு சாயங்காலம். ஹால்ல சாய்வு நாற்காலியில உக்காந்திருந்துச்சு. படுத்தா மூச்சு முட்டும், அதனால எந்நேரமும் நாற்காலிதான். என் வீட்டுக்காரி கடைக்குப் போயிருந்தா. நான் தரையில உக்காந்து அக்கா கால் வீக்கத்துக்குத் தைலம் தடவிக்கிட்டு இருந்தேன். தடவிக்கிட்டே, நான்தான்க்கா உன்னைக் கொன்னுட்டேன்னு சொல்லிட்டேன். ரொம்ப நாளா தொண்டையில நின்னது. அக்கா என் தலையில கையை வச்சுச்சு.

"எனக்கு அப்பவே தெரியும்டா"ன்னுச்சு.

என்ன தெரியும்னு கேட்டேன். அக்கா நிறுத்தி நிறுத்திச் சொன்னுச்சு. மருந்து வாங்குன அன்னைக்கே கவுண்டர்ல இருந்த பொண்ணு சொன்னுச்சாம், முகத்துல இப்படி வரும், பயப்படாதீங்க, மருந்தை நிறுத்தாதீங்கன்னு. காகிதத்துல படம்கூட இருந்துச்சாம். நான் ரோட்டோரம் ஊதிக்கிட்டு இருந்த நேரம் அது.

அப்ப ஏன்க்கா வாயைத் திறக்கலைன்னு கத்தினேன். மூச்சு முட்டுறவகிட்டப் போய்க் கத்துறேன் நான். அக்கா கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கிட்டு இருந்துச்சு.

"முதல் நாளே சொல்லத்தான் வந்தேன். நீ வாசல்ல நின்னு பாக்கெட்டை நசுக்கி சாக்கடையில போட்டே. சரி, ரெண்டு நாள் போகட்டும்னு பாத்தேன். ரெண்டு நாள் நாலாச்சு. மூணாம் தண்ணி ஊத்துற வரைக்கும் சிகரெட்டைத் தொட மாட்டேல்ல? இருபது நாள் தாண்டிட்டா அப்புறம் அந்தப் பழக்கம் விட்டுப் போயிடும்னு ஃபேக்டரியில ஒருத்தி சொல்லியிருக்கா. நான் எப்படியும் போறவதானே தம்பி."

எத்தனை நாளு தம்பி, எத்தனை நாளு தம்பின்னு தினம் கேட்டது இதுக்குத்தான். மூணாம் தண்ணியைத் தள்ளிப் போடச் சொன்னது இதுக்குத்தான். தைலக் கையோட உக்காந்திருந்தேன்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில காருல ஏறினேன் பாரு, அப்பவே வாசனை அடிச்சுச்சு"ன்னுச்சு அக்கா. "சரி, போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்."

கோபமாச் சொல்லலை. கையுறையில ஓட்டை இருந்தா ஓரமாத் தூக்கிப் போடுமே, அந்த மாதிரி சாதாரணமாச் சொன்னுச்சு. சொல்லிட்டுக் கண்ணை மூடிக்கிச்சு.

அதைக் கேட்ட பிறகு நான் என்ன செஞ்சேங்கிறதையும் சொல்லிடணும். யார்கிட்டயும் இதைச் சொன்னதில்லை, வீட்டுக்காரிக்கும் தெரியாது. எழுந்து போய்க் கையைக் கழுவினேன். பின் வாசலைத் திறந்து, சாக்கடை ஓரமா நின்னு, சட்டைப் பையில இருந்து ஒண்ணை எடுத்துப் பத்த வச்சேன். உள்ளேர்ந்து அக்கா இருமுற சத்தம் கேட்டுச்சு. ஊதி முடிச்சுட்டுத்தான் உள்ள போனேன்.